மயான முனிக்குப் போட்ட பொன்னாடை

பேரு சொல்ல வேண்டாம்னா எப்படி அண்ணாச்சி? அன்னதானம் போடுதீங்க. ஊரு பூராவும் வந்து சாப்பிடப் போகுது. அரிசி உங்களது, பருப்பு உங்களது, மைக் செட்டும் உங்க செலவு. கடைசியில உபயம் யாருன்னு மட்டும் சொல்லிராதீங்கன்னா, அப்புறம் மைக்கு எதுக்கு? சாம்பார் இந்தப் பக்கம், ரசம் அந்தப் பக்கம்னு சொல்லவா?

சரி, உக்காருங்க. கடை முதலாளி தென்காசி வரைக்கும் போயிருக்காரு, இப்ப வந்திருவாரு. ஸ்பீக்கர் குழாய் எத்தனை கட்டணும், பாட்டு என்ன போடணும், அதெல்லாம் அவருகிட்ட பேசிக்கிடுங்க. மைக்குல பேசுறது நான். பால்வண்ணம். மைக் பால்வண்ணம்னு கேட்டா இந்த ஊர்ல சின்னப் பிள்ளையும் வீடு காட்டும். காட்டும்னா, ஒரு காலத்துல. இந்த ஒயரச் சுத்திக்கிட்டே பேசுதேன், ஒண்ணும் நெனைக்காதீங்க.

முப்பது வருசத்துக்கு மேல மைக்குப் பிடிச்சவன் அண்ணாச்சி. கோயில் கொடை, கபடி, கண்ணு முகாம், கட்சிக் கூட்டம். எல்லாக் கட்சியும்தான். இத்தனைக்கும் ஒருத்தர் பேர விட்டதில்ல. மேடையில இருக்கவன் பேரு, கீழ நிக்கவன் பேரு, வர முடியாமப் போனவன் பேரு. ஒரு கொடையில பந்தல்காரன் பேர விட்டுட்டான். நான் இல்ல, கீழத்தெருவுல ஒருத்தன் மைக்குப் பிடிச்சான், அவன். சாமி ஆடி முடிக்கறதுக்குள்ள பந்தலப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டான் பந்தல்காரன். பேருன்னா அப்படி. சோறு இல்லாம இருந்திருவான் மனுசன், பேரு இல்லாம இருக்க மாட்டான்.

உங்களப் போல பேரு வேண்டாம்னு சொன்னவன் இந்த ஊர்ல இன்னும் ஒருத்தன்தான். அந்தச் சுவத்துல ஒரு நோட்டீஸ் கிழிஞ்சு தொங்குதே, பாத்தீங்களா? கறுப்புத் துணி மாட்டுன தலை. அவன்தான். அவனால எம் பொழப்பே போச்சு.

அரிசி மில் தங்கதுரைய உங்களுக்குத் தெரியாது. வெளியூரு நீங்க. பெரிய கை, எலெக்சன்ல நிக்கணும்னு ஆசை வேற. ஊர்ல பயலுக பூரா டிவியில வெள்ளைக்காரன் சண்டையப் பாத்துட்டு வீட்டு மெத்தையக் கிழிச்சுக்கிட்டிருந்த காலம் அது. அந்தச் சண்டைய நம்ம சந்தைத் திடலுக்கே கொண்டாரேன்னு கெளம்பிட்டாரு தங்கதுரை. ‘அகில இந்திய மல்யுத்த வாகையர் திருவிழா’. பேரு நான் வச்சது. நல்லாருக்குல்ல?

மெட்ராஸ்லருந்து ஒரு வேன்ல வந்து எறங்குனாக. மேனேஜர் வரதன்னு ஒருத்தரு. அவரு என்னைக் கூப்பிட்டு, யாரு யாருகூட மோதணும், யாரு ஜெயிக்கணும், யாரு தோக்கணும், எல்லாம் சொன்னாரு. முன்னாலயே முடிவு பண்ணிருவாகளாம். கூத்துல அர்ச்சுனனும் கர்ணனும் மாதிரி. கடைசிச் சண்டை தங்கத் தளபதிக்கும் மயான முனிக்கும். தளபதி முனியக் கவுத்துப்போட்டு முகமூடியக் கழத்தப் போவாரு, முனி மூஞ்சியப் பொத்திக்கிட்டு ஓடிருவான். கழத்த விடக் கூடாது. அடுத்த ஊருக்கும் முனி வேணும்ல. முனி யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது, அதுலதான் வரும்படியேன்னாரு. நான் தலையாட்டுனேன். தலையாட்டுறது வேற, வாக்குக் குடுக்கறது வேற. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் அது.

நெறையப் பேருக்குப் பாஸ் குடுத்தோம். கொம்பையாவுக்கு நானே கொண்டு போயிக் குடுத்தேன், மொத வரிசை. கொம்பையா எங்க தெருதான். நூல் மில்லுல வேலை. அவரு மகன் சங்கிலி, முழுப் பேரு சங்கிலிபூதம். காலேஜ் படிக்கும்போது நிஜக் குஸ்தி பிடிச்சவன். மாநில அளவுல பதக்கம் வாங்கிட்டு வந்தப்ப நாந்தான் ஜீப்புல மைக்கக் கட்டி நாலு தெருவும் சுத்திக் காட்டுனேன். மகனுக்குப் பாலும் முட்டையும் வேணுமேன்னு ரெண்டு ஷிப்டு பாத்த மனுசன் கொம்பையா. போலீசுல எடுப்பான், ரயில்வேல எடுப்பான்னு இருந்தாரு. யாரும் எடுக்கல. பய மெட்ராஸுக்குப் போனான். பெரிய பள்ளிக்கூடத்துல கோச்சா இருக்கேன்னு சொன்னான். அப்பன் அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. எம் மவன் பிள்ளைகளுக்குக் குஸ்தி சொல்லிக் குடுக்கான்னு. மில் கேட்டு வாட்ச்மேன் வரைக்கும் தெரியும்.

டோர்னமெண்டு அன்னைக்குச் சாயங்காலம் நான் மேடைக்குப் பின்னால மைக்கத் தட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன். அந்த முனி வந்து நிக்கான். தலை பூராவும் கறுப்புத் துணி, எலும்பு வரைஞ்சிருக்கு, கண்ணும் வாயும் மட்டும் ஓட்டை. மெதுவாக் கேக்கான்.

"மாமா, அப்பா வந்திருக்காகளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. குரல் தெரியாதா எனக்கு? குரல வச்சுத்தான பொழைக்கேன். ஏலே சங்கிலின்னேன். கையெடுத்துக் கும்பிடுதான் அண்ணாச்சி. கோச்சு வேலை ஒண்ணும் இல்லையாம், எங்கயும் கெடைக்கலையாம், இதுல சேந்து ரெண்டு மூணு வருசம் ஆகுதாம். இந்த ஊருன்னு தெரிஞ்சதும் வரமாட்டேன்னுதான் சொன்னானாம். முகமூடி இருக்குல்லன்னு வரதன் கூட்டியாந்துட்டாராம். திரைய வெலக்கிக் காட்டுனேன், மொத வரிசையில அப்பன் உக்காந்திருக்காரு.

"எம் பேரு மட்டும் வெளிய வந்திரக் கூடாது மாமா. நான் தோக்கறத அப்பா தாங்க மாட்டாக. முனி தோத்தா யாருக்கும் ஒண்ணுமில்ல."

அப்படித் தோக்கறதுக்கா ஒருத்தன் உடம்ப வளக்கணும்னு கேட்டேன். அதுக்கு ஒரு பதில் சொன்னான் பாருங்க. இதுல தோக்கறதுதான் பெரிய வேலையாம். அடுத்தவன் நம்பி மேல விழுவானாம், அவன் கழுத்தும் முதுகும் இவன் கையில இருக்குமாம், ஒரு அடி தப்பினா படுத்த படுக்கையாப் போயிருவானாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. தலையாட்டிட்டு மைக்குக்கு வந்துட்டேன்.

இனிமேத்தான் கேக்கணும். வரவேற்புரை நான். மேடையில இருந்தவுக எல்லாருக்கும் பொன்னாடை. அரிசி ஆலைச் சங்கம், வணிகர் சங்கம், லாரி சங்கம், கட்சிக்காரவுக, ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரு. ஒருத்தர விட்டா நாளைக்கு ஊர்ல நடமாட முடியுமா? பொன்னாடை போடுறவரு பேரு, வாங்குறவரு பேரு, அவுக செஞ்ச தொண்டு. வெயில் சாஞ்சு லைட்டும் போட்டாச்சு, இன்னும் பொன்னாடை முடியல. பயலுக விசிலடிக்கான். கூட்டத்துக்கு ஒரு பொறுமை வேணும்ல. கல்யாண வீட்ல மொதப் பந்திச் சோத்துக்குப் பறக்க மாதிரி பறந்தானுக.

அப்புறம் சண்டை ஆரம்பிச்சா, அது அதுக்கு மேல. எங்க ஊர்க்காரன் பூரா கபடி பாத்து வளந்தவன் அண்ணாச்சி. கால் ஒரு சாண் தள்ளிப் போகுது, எதுத்தவன் அய்யோன்னு விழுதான். படவே இல்லடான்னு கூட்டம் மொத்தமாச் சொல்லுது. மெட்ராஸ்லருந்து மேடைப் பலகை வரலைன்னு நம்ம பந்தல்காரன் கல்யாண மேடைப் பலகையப் போட்டிருந்தான். ரெண்டாவது சண்டையில ஒரு பலகை ஒடிஞ்சு தளபதிக்குக் கால் உள்ள போயிட்டு. மோதிக்கிட்டிருந்தவன் கையக் குடுத்துத் தூக்கி விட்டு, அடி பட்டுச்சான்னு கேட்டுட்டு, தூசியத் தட்டிவிட்டு, அப்புறம் மறுபடி அடிக்கான். சிரிக்காம என்ன செய்யும் கூட்டம்?

முனி வந்தாலாவது பயப்படுவாகன்னு வரதன் சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்க ஊரப் பத்தி அவருக்கு என்ன தெரியும். முனி உள்ள வந்ததும் பொம்பளைக பக்கம் ஒருத்தி குலவை விட்டுட்டா. ரெண்டு பேரு கன்னத்துல போட்டுக்கிட்டாக. முனின்னா எங்களுக்குச் சாமியில்லையா? வில்லனுக்குன்னு போயித் தேடிப் பிடிச்சு வச்ச பேரு. மூணாவது ரவுண்டுல முனி ஒருத்தன ஜெயிச்சான், அவன் அடிக்கதும் படாமத்தான் விழுந்துச்சு. அப்பத்தான் பின்னால இருந்து மொத நாற்காலி பறந்து வந்தது. டிக்கெட்டுக் காசத் திருப்பிக் குடுன்னு ஒரே சத்தம். தங்கதுரைக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு. ஓடி வந்து எங்கிட்ட, ஏதாவது பேசி அடக்குவே, நாளைக்கு ஓட்டுக் கேட்டு இந்தப் பயலுககிட்டதான் போகணும்னாரு.

நீங்களே சொல்லுங்க. கையில மைக்கு இருக்கு. முன்னால கூட்டம் கொதிக்குது. ஒத்தச் சொல்லுல அடங்கும்னு தெரியும். சொல்லாம இருப்பீங்களா?

நான் சொன்னேன். அடுத்து இறுதிப் போட்டி, அதற்கு முன்பாக ஒரு செய்தி, இந்த முகமூடிக்குள் இருப்பவர் வேறு யாருமல்ல, நம் மண்ணின் மைந்தர், மாநிலப் பதக்கம் வென்ற மாவீரர், நூல் மில் தொழிலாளி கொம்பையா அவர்களின் அருமைப் புதல்வர் சங்கிலிபூதம் அவர்கள். பெற்ற தந்தையே மேடைக்கு வந்து மகனுக்குப் பொன்னாடை போர்த்துமாறு விழாக் குழுவின் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சத்தத்த நீங்க கேட்டிருக்கணும். திடல் கிடுகிடுத்துப் போச்சு. நாற்காலி தூக்கினவன் பூரா நாற்காலி மேல ஏறி நின்னு கை தட்டுதான். என் ஆயுசுல அப்படி ஒரு கைதட்டல் வாங்குனதில்ல. எனக்குக் கண்ணு கலங்கிட்டு அண்ணாச்சி, பொய் சொல்லல.

கொம்பையாவுக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் புரியல. பக்கத்துல இருந்தவுகதான் எழுப்பிக் கூட்டியாந்தாக. கயித்துக்குள்ள குனிஞ்சு ஏறுனாரு. முனி அப்படியே நிக்கான், கை ரெண்டும் தொங்குது. முகமூடியக் கழத்துலேன்னாரு. அவன் கழத்தல. இவரே எட்டி முடிச்ச அவுத்தாரு. வேர்த்து ஒழுகுது மூஞ்சி. நான் குடுத்த பொன்னாடையப் போத்தி விட்டாரு. கோச்சுன்னியே, ஏன் பொய் சொன்னன்னு கேப்பாருன்னு பாத்தேன். கேக்கல. ஊரே கை தட்டுதுல்லா, அதுல எல்லாம் மறந்து போச்சு மனுசனுக்கு. தோளத் தட்டிக் குடுத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. மைக்கு பக்கத்துல இருந்ததால எனக்கும் கேட்டது, ஊருக்கும் கேட்டது.

"ஜெயிச்சிருவேல்லா?"

பய என்னைத் திரும்பிப் பாத்தான். எதுக்கு என்னையப் பாக்கணும்? நான் என்ன செஞ்சேன்?

சண்டை தொடங்கிச்சு. சங்கிலி சங்கிலின்னு ஊரே கத்துது. அந்தத் தளபதி ஒரு காத்தாடி அண்ணாச்சி. மேல எண்ணெயத் தடவிக்கிட்டு மின்னுனானே தவிர, சங்கிலி நெனைச்சா மூட்டையத் தூக்க மாதிரி தூக்கிக் கயித்துக்கு அந்தப் பக்கம் போட்டிருப்பான். ஏற்கெனவே பலகைக்குள்ள போன கால வேற நொண்டிக்கிட்டிருந்தான். ஒரு தடவ சங்கிலி அவனத் தூக்கவும் செஞ்சான். தலைக்கு மேல. கொம்பையா எழுந்து நின்னுட்டாரு. சுத்தி எல்லாரும் நின்னுட்டாக. அப்படியே போட்டிருந்தான்னா, இன்னைக்கு அவன் எங்க, நான் எங்க. போடல. பூவ எறக்கி வைக்க மாதிரி எறக்கி வச்சான். வச்சிட்டு, அந்த நொண்டிப் பய லேசாத் தள்ளுனதுக்கு மல்லாக்கப் படுத்தான். நடுவரு ஒண்ணு ரெண்டு மூணுன்னு தட்டுதாரு. ரெண்டு தோளும் தரையில ஒட்டிக் கெடக்கு. நிஜக் குஸ்தி பாத்த அப்பனுக்குத் தெரியாதா, ஒருத்தன் தோள அமுக்கி வச்சிருக்கானா, தானா வச்சிருக்கானான்னு.

அப்புறம் என்ன. செருப்பு, தண்ணிப் பாக்கெட்டு, நாற்காலி. காசு வாங்கிட்டுப் படுத்துட்டான்டான்னு ஒரே கூச்சல். தங்கதுரை வந்து எங் கையில இருந்து மைக்கப் பிடுங்கினாரு. அத்தனை பேருக்கு முன்னால. என் கையில இருந்து. அதக் கேக்க இந்த ஊர்ல ஒரு நாதி இல்ல. கலவரத்த அடக்குனவன் நானு, அவன் படுத்ததுக்குப் பழி என் தலையில.

கொம்பையா எல்லாரும் ஓடுன பெறகுதான் எழுந்தாரு. மூலையில கயித்துல தொங்குச்சு அந்தப் பொன்னாடை. எடுத்து, நாலா மடிச்சு, கொண்டாந்து என் மேசையில வச்சாரு. இத வேற யாருக்காவது போத்து பால்வண்ணம்னாரு. என்னைய ஒரு வார்த்தை திட்டல பாத்துக்கிடுங்க. அவருக்கே தெரியும் தப்பு யாரு மேலன்னு. மகன் வீட்டுக்குப் போயிக் கதவத் தட்டியிருக்கான், தெறக்கல. விடிய முன்ன வேன்ல ஏறிப் போனவன்தான்.

ஊர் வாய மூட உலைமூடி ஏது? படுத்த சங்கிலின்னு பேரு வச்சுட்டானுக. கபடியில எவனாவது விட்டுக் குடுத்தா, என்னல சங்கிலி மாதிரி படுத்துட்டன்னு கேப்பானுக. கொம்பையா மில்லுலருந்து வரும்போது வேணும்னே காது படப் பேசுவானுக. அவரு டீக்கடைக்கு வாரத நிறுத்திட்டாரு. மகனப் பத்தி ஒரு சொல்லு பேசல, கடைசி வரைக்கும். எனக்கும் அன்னைலருந்து எந்த மேடையும் இல்ல. தங்கதுரைக்குப் பயந்துக்கிட்டு ஒருத்தனும் கூப்பிடல. அவரும் அந்த வருசம் எலெக்சன்ல தோத்தாரு, அதுக்கும் நாந்தான் காரணமாம். இப்ப நமக்குச் சாவு அறிவிப்புதான். ஆட்டோவுல ரெண்டு குழாயக் கட்டிக்கிட்டு, இன்னாரின் தந்தையும் இன்னாரின் மாமனாருமானன்னு தெருத்தெருவாப் போவேன். உங்க அன்னதானம்தான் ரொம்ப நாளைக்குப் பெறகு வந்திருக்க நல்ல காரியம்.

போன புரட்டாசியில கொம்பையா செத்துப்போனாரு. அவரு அறிவிப்பும் நாந்தான். மக பேச்சித்தாயி பேரெல்லாம் சொன்னா. மகள், மருமகன், பேத்தி, பேரன். மகன் பேரச் சொல்லல. நான் கேட்டேன். அவ என்னைய வாசலுக்குக் கூட்டியாந்து, அழுதுக்கிட்டே சொல்லுதா.

"அண்ணனுக்கு நான் போன் போட்டுட்டேன் மாமா. வாரேன்னுட்டான். கூட்டத்தோட கூட்டமா வந்து அப்பா மொகத்தப் பாத்துட்டுப் போயிருவானாம். நீங்க அவன் பேரச் சொல்லிராதீங்க. கால்ல விழுந்து கேக்கேன்."

நான் தலையாட்டுனேன்.

ஆட்டோ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புது அண்ணாச்சி. தென்காசி வண்டி வந்து நிக்குது. எறங்குத கூட்டத்துல ஒருத்தன், தலையோட சேத்து மூஞ்சி தெரியாம துண்டக் கட்டியிருக்கான். துண்டக் கட்டுனா? அந்தத் தோள எத வச்சு மறைப்பான்? எனக்கு மனசு தாங்கல. பெத்த அப்பன் சாவுக்கு வந்த ஒத்தை ஆம்பளப் பிள்ள, திருடன் மாதிரி சுவரோரமாப் போறான். பேரு சொல்லாம விட்டா அந்த ஆத்மாவுக்கு என்ன மரியாதை? ஆட்டோவ நிப்பாட்டச் சொன்னேன். அன்னாரின் ஒரே மகன், மாநிலப் பதக்கம் வென்ற மல்யுத்த வீரர் சங்கிலிபூதம் அவர்கள், இதோ தந்தையின் இறுதிச் சடங்குக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வழிவிட்டு ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பேருக்கு முன்னால பதக்கத்தையும் போட்டேன் பாருங்க. பதக்கத்த யாரு ஞாபகம் வச்சிருக்கா, என்னத் தவிர?

டீக்கடையில இருந்தவனெல்லாம் எழுந்து பாத்தானுக. எவனோ ஒரு பய, ஏலே படுத்த சங்கிலியான்னான். ரெண்டு மூணு பேரு சிரிச்சானுக. இழவு நாள்னுகூடப் பாக்காம சிரிச்ச பயலுகள என்னத்தச் சொல்ல. சங்கிலி நின்னான். என்னையப் பாத்தான். துண்டுக்குள்ள கண்ணு மட்டும்தான் தெரிஞ்சது. அன்னைக்குப் பாத்த அதே பார்வை. தென்காசி வண்டி திருப்பிக்கிட்டிருந்தது. ஓடிப்போயி ஏறிட்டான்.

கொள்ளி மருமகன்தான் வச்சாரு. பேச்சித்தாயி இப்ப என்னைக் கண்டா தெருவுல அந்தப் பக்கம் ஒதுங்கிப் போறா. மரியாதை குடுத்தா வாங்கிக்கத் தெரியல அண்ணாச்சி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு. நல்லதுக்குக் காலமில்ல. ஒருத்தர் பேர விடாம இருந்தேன், அது ஒரு குத்தமா?

அந்தா, முதலாளி வண்டி வருது. போயிப் பேசுங்க. உங்க பேரு வேண்டாம், அவ்வளவுதான? சொல்லல. அதான் தலையாட்டிட்டேன்ல. ஆமா, உங்களுக்கு எந்த ஊருன்னு சொன்னீங்க? அப்பா பேரு என்ன?